பெறுவதும் எடுப்பதும்

2018ஆம் வருஷம், ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. தெருமுனை அம்மன் கோவில் ஒலிபெருக்கி ஜன்னல் வழியே பாடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்கான் காகிதங்களைப் பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முப்பத்தேழு வாரத்துக்கு மேல ரொம்ப விட வேண்டாம். ஆபரேஷன்னா இப்பவே தேதி குறிச்சிடலாம். இல்ல, வலி வர வெச்சுப் பார்க்கலாம்னா அதுவும் செய்யலாம். உங்களுக்கு ரெண்டுமே சரிதான். யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு வயிற்றில் இரட்டை. முப்பத்தைந்து வாரம் முடிந்திருந்தது. டாக்டரிடமிருந்து உத்தரவை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்கு மனத்தளவில் தயாராகவும் இருந்தேன். எந்த உத்தரவாக இருந்தாலும் அதன்மேல் கொஞ்சம் வருத்தமோ கோபமோ பட்டுக்கொண்டு அதற்குக் கீழ்ப்படிந்திருப்பேன். கேள்விக்கு நான் தயாராக இல்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பத்து வருஷமாக மொழிபெயர்ப்பும் மதிப்புரையுமாக இதுபோன்ற பத்திரிகைகளில் எழுதி வந்தவள். சுதந்திரம், தேர்வு, பொறுப்பு என்ற சொற்களை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஸார்த்தர் 1945இல் பாரிஸில் நிகழ்த்திய சொற்பொழிவில் வரும் மாணவனைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். தன்னை விட்டால் வேறு யாருமில்லாத தாயுடன் இருப்பதா, இங்கிலாந்துக்குப் போய் விடுதலைப் படையில் சேருவதா என்று கேட்டு வந்தவன் அவன். நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்று ஸார்த்தர் அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்தப் பதிலின் நேர்மையை அப்போது வியந்து எழுதினேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கும்போது, அந்த மாணவனுக்கு வந்திருக்கக்கூடிய கோபம் எனக்கு வந்தது.

விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இரட்டை என்றால் எல்லா இரட்டையும் ஒன்றல்ல. மூன்றாம் மாத ஸ்கானில், இரண்டு பைகளையும் பிரிக்கும் சவ்வு நஞ்சைத் தொடுகிற இடத்தில் கிரேக்க எழுத்து லாம்டா மாதிரி ஒரு முக்கோணம் தெரிந்தால் நஞ்சு இரண்டு. ஆங்கில டி எழுத்து மாதிரி நேராகத் தொட்டால் நஞ்சு ஒன்று. எனக்கு லாம்டா. ஆகவே ஒன்றின் ரத்தம் மற்றதற்கு ஓடிப்போகும் பயம் இல்லை. முதல் குழந்தை தலை கீழாக, இறங்க வேண்டிய விதத்தில் இருந்தது. இரண்டாவது அதற்கு மேலே குறுக்காகப் படுத்திருந்தது. முதலாவதின் தலை கீழே இல்லாவிட்டால் டாக்டர் கேள்வியே கேட்டிருக்கமாட்டார். ஆபரேஷன்தான் என்று சொல்லியிருப்பார். முப்பத்தெட்டாவது வாரத்தைத் தாண்ட விட்டால் இரட்டைகள் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. ஆகவே தானாக வரட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று.

வலி வர வைப்பது என்றால், கர்ப்பப்பையின் வாயை இளக்க ஜெல் வைப்பார்கள். பிறகு நரம்பில் ஆக்ஸிடோஸின் சொட்டுச் சொட்டாக ஏறும். பிரசவிக்கிற உடம்பு தானே சுரக்கிற பொருள்தான் அது. அதைச் சோதனைச்சாலையில் முதலில் செய்து காட்டியவர் வின்ஸென்ட் டு விக்னோ. 1955இல் அவருக்கு ரஸாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதல் குழந்தை பிறந்ததும் வயிற்றில் திடீரென்று இடம் உண்டாகிவிடும். அந்த இடத்தில் இரண்டாவது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலையைத் திருப்பலாம், காலைத் திருப்பலாம், குறுக்கேயே கிடக்கலாம். தேவைப்பட்டால் டாக்டர் கையை உள்ளே விட்டுக் காலைப் பிடித்து இழுப்பார். அதுவும் முடியவில்லையென்றால் இரண்டாவதுக்காக மட்டும் வயிற்றைக் கீற வேண்டிவரும். ஒரே பிரசவத்தில் இரண்டு விதமும் நடந்துவிடும்.

ஆபரேஷன் என்றால், முதுகில் ஒரு ஊசி, அடிவயிற்றில் குறுக்காக ஒரு கீறல், ஒன்றிரண்டு நிமிஷ இடைவெளியில் இரண்டும் வெளியே. பிறகு தையல், எழுந்து நடக்க வேதனை, வாரக்கணக்கில் ஜாக்கிரதை. கர்ப்பப்பையில் ஒரு தழும்பு. இன்னொரு கர்ப்பம் என்று வந்தால் அந்தத் தழும்பைப் பற்றிய கவலை. கீறிய கர்ப்பப்பையைத் தைத்தாக வேண்டும் என்று 1882இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஸேங்கர் என்ற மருத்துவர் வற்புறுத்தி எழுதுவதற்கு முன்னால் இந்தச் சிகிச்சைக்கு ஆளான பெண்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஆக, உனக்கு எது வேண்டும் என்று ஒரு பெண்ணைக் கேட்கும்படியான நிலைமை மனித சரித்திரத்தில் மிகவும் புதிது. எனக்கு முந்திய பெண்கள் யாரிடமும் இதற்கான பழக்கம் கைமாறி வரவில்லை.

அன்றிரவு என் கணவர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 2013இல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிஸின் பத்திரிகையில் வந்தது. 25 நாடுகள், 106 ஆஸ்பத்திரிகள், 2804 பெண்கள். எல்லோருக்கும் இரட்டை, எல்லோருக்கும் முதல் குழந்தை தலை கீழாக. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி, பாதிப் பேரை ஆபரேஷனுக்கும் பாதிப் பேரை இயற்கையான வழிக்கும் ஒதுக்கியிருந்தார்கள். குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ ஆபரேஷன் பக்கம் நூற்றுக்கு 2.2, மற்றப் பக்கம் 1.9. வித்தியாசம் என்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தக் குழந்தைகளின் இரண்டாவது வயதில் மறுபடியும் பார்த்து 2016இல் எழுதினார்கள். அப்போதும் இல்லை.

இன்னும் சில எண்கள் இருந்தன. இயற்கையான வழி என்று ஒதுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 43.8 பேருக்குக் கடைசியில் ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தது. அதில் 4.2 பேருக்கு முதலாவது ஒரு விதமாகவும் இரண்டாவது ஒரு விதமாகவும். ஆபரேஷன் என்று ஒதுக்கப்பட்டவர்களிலும் நூற்றுக்கு ஒன்பது பேர் ஆபரேஷன் இல்லாமலேயே பெற்றுவிட்டார்கள். இந்த ஒன்பது பேரை அன்று நான் வேகமாகப் படித்துத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த 2804 பெண்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களுக்காகச் சீட்டு தேர்ந்துகொண்டது. எண்கள் எனக்குச் சொன்னதெல்லாம், நீ எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை என்பதுதான். தங்கள் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு அவை விலகிக்கொண்டன. முடிவுக்கான காரணத்தை நான் வேறெங்காவது தேட வேண்டியிருந்தது.

ஸார்த்தர் அந்தச் சொற்பொழிவில் இன்னொன்றும் சொல்கிறார். ஆலோசனை கேட்க ஒருவரைத் தேர்ந்துகொள்ளும்போதே என்ன ஆலோசனை வரும் என்பதையும் ஏறக்குறைய தேர்ந்துகொண்டு விடுகிறோம் என்று. எங்கள் வீட்டில் இது எவ்வளவு சரியாகப் பொருந்தியது என்று சொல்ல வேண்டும். அம்மாவைக் கேட்டால் ஆபரேஷன். அத்தையைக் கேட்டால் சுகப்பிரசவம். அத்தை நான்கு பெற்றவர், நான்கும் வீட்டில். "வலி தாங்காம பிள்ளை ஏது? ரெட்டைன்னா என்ன, ஒன்னுக்குப் பின்னால ஒன்னு வந்துட்டுப் போகுது" என்றார். என் கணவரைக் கேட்டால், "நீ என்ன சொல்றியோ அதுதான்." இதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நள்ளிரவில் அது ஒரு கதவைச் சாத்திக்கொள்வது மாதிரியும் கேட்டது.

ஆபரேஷன் என்ற பேச்சு அடிபட்டதும் மாமா ஜோஸியரிடம் போய் வந்துவிட்டார். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை 9.10க்கு மேல் 10.30க்குள். ஜோஸியர் ஆபரேஷனைத் தீவிரமாகவே சிபாரிசு செய்திருந்தார். அவர் சொன்ன காரணத்தை நான் இன்றுவரை ரசிக்கிறேன். லக்னம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நவாம்சம் பதின்மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை. வலி வர வைத்தால் முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அரை மணிகூட ஆகலாம், அம்சம் மாறிவிடும், ஒன்றுக்கு ராஜயோகமும் ஒன்றுக்கு இல்லாமலும் போய்விடும். ஆபரேஷனில் அந்தத் தொந்தரவு இல்லை. ஜோஸியத்தை மறுப்பதற்குப் பழங்காலத்திலிருந்தே இரட்டைப் பிள்ளைகளைத்தான் உதாரணம் காட்டி வந்திருக்கிறார்கள். புனித அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டிலேயே அந்த வாதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரே நேரத்தில் பிறந்தவர்களின் வாழ்க்கை ஏன் வேறுவேறாக இருக்கிறது என்பது அகஸ்டினின் கேள்வி. எங்கள் ஜோஸியர் அகஸ்டினுக்குப் பதில் சொல்லத் தியேட்டரை வாடகைக்கு எடுத்துவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பிறக்கும் நேரத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும் ஆசை சிஸேரியனோடு வந்ததல்ல. பெரிய புராணத்தில் கோச்செங்கட் சோழனின் தாய் கமலவதிக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இந்தப் பிள்ளை மூவுலகும் ஆளும் என்கிறார்கள் காலக் கணிதர்கள். தன்னைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்கிறாள் அவள். அந்த நாழிகை வந்ததும் அவிழ்த்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தையின் கண்கள் சிவந்திருக்கின்றன. அந்தச் சிவப்பை வைத்தே அவனைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு அவள் இறந்துபோகிறாள். சிறுவயதில் திருவானைக்காவில் யாரோ இதைப் பக்தியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். முப்பத்தாறாவது வாரத்தில், தூக்கம் வராமல் இடதுபுறமாகவே படுத்துக்கிடந்தபோது, வேறொரு விஷயம் உறைத்தது. தொங்கவிடச் சொன்னவள் அவளேதான். கணிதர்கள் நேரத்தைச் சொன்னதோடு சரி. கதை அவளுக்குக் கொடுக்கிற ஒரே தேர்வு அதுதான். அதை அவள் முழுசாகச் செய்துவிட்டுப் போகிறாள். அவளைப் பேதை என்று நினைக்க என்னால் முடியவில்லை. அவளிடத்தில் என்னைவிட உறுதி இருந்தது.

நான் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. வலி வர வைக்கும் பக்கம்தான் இருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம், சீக்கிரம் எழுந்து நடமாடலாம், வெட்டுக் காயம் இல்லை, இரண்டு குழந்தைகளைத் தூக்க உடம்பில் தெம்பு வேண்டும் என்று காரணங்கள் சொன்னேன். அவை பொய்யல்ல. உண்மையான காரணம் வேறு. அது ஒரு வினைச்சொல்.

தமிழில் "பெத்தா" என்கிறோம். அவள் பெற்றாள், எழுவாய் அவள். ஆபரேஷன் என்றால் "எடுத்தாங்க" என்கிறோம். யாரோ எடுத்தார்கள், அவளிடமிருந்து எடுத்தார்கள், வாக்கியத்தில் அவள் ஒரு இடமாக மிஞ்சுகிறாள், அலமாரி மாதிரி. "அவளுக்கு எப்படி ஆச்சு?" "ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க." இந்தத் 'தான்'இல் இருக்கிற பரிதாபத்தைக் கேட்காத தமிழ்ப் பெண் இருக்கமுடியாது. இன்னொரு பக்கம் சுகப்பிரசவம் என்ற சொல். இருபது மணி நேரம் அலறியவளுக்கும் சுகம்தான். பேறு என்ற பழைய சொல்லுக்குப் பிரசவம் என்றும் அர்த்தம், பாக்கியம் என்றும் அர்த்தம். சொற்களோடு பத்து வருஷம் குடித்தனம் செய்துவிட்டேன். எனக்கு அந்த எழுவாய் வேண்டியிருந்தது. 'பெற்றேன்' என்று ஒருமுறை சொல்ல வேண்டும். இரண்டு உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒருத்தி இலக்கணத்தை வைத்து முடிவெடுக்கப் பார்த்தாள் என்று எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் எண்கள் சமமாக நின்றபோது என்னிடம் இருந்தது இதுதான்.

அப்போதுதான் அம்மா, தன் அக்காவின் கதையைச் சொன்னாள். பெரியம்மாவுக்கு முதலில் இரட்டை என்றும் ஒன்று தங்கவில்லை என்றும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை. 1974, மேலூர்ப் பக்கம் கிராமம், ஐப்பசி மழை. அம்மாவுக்குப் பதினான்கு வயது. முதல் குழந்தை, என் அக்கா, நல்லபடியாகவே வந்துவிட்டாள். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து இன்னொன்று இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கையை நீட்டிவிட்டது. கை மட்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி கட்டி மேலூருக்குக் கொண்டுபோனார்கள். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாதி வழி வரைக்கும் அந்தக் கை அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அம்மா. அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரியம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் "மூணு" என்பாள். எங்களுக்குத் தெரிந்து அவளுக்கு இரண்டு பேர். வயசாகி எண்ணிக்கை தவறுகிறது என்று நாங்கள் சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது.

அந்தக் கதை ஒரு மருத்துவ வாதம் ஆகாது. எனக்கு அது தெரியும். 1974இன் மாட்டுவண்டியும் 2018இன் மதுரையும் ஒன்றல்ல. என் பக்கத்தில் தியேட்டர் இருக்கும், மயக்க மருந்து டாக்டர் இருப்பார், இதயத் துடிப்பு காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெரியம்மாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆராய்ச்சியிலும் இரண்டாவது குழந்தைக்குத்தான் அபாயம் அதிகம் என்று இருந்தது; ஆனால் ஆபரேஷனைத் திட்டமிடுவதால் அந்த அபாயம் குறையவில்லை என்றும் இருந்தது. இதையெல்லாம் அம்மாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அன்றிரவு என் வினைச்சொல்லை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. 'பெற்றேன்' என்று நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தோன்றிய காட்சியில் ஒரு குழந்தைதான் இருந்தது. அது தலை கீழாக, ஒழுங்காக இறங்கி வருகிற முதல் குழந்தை. இரண்டாவது அந்தக் காட்சியிலேயே இல்லை. அது குறுக்காகக் கிடந்தது. வலி வர வைத்தாலும் யாரோ ஒருவர் கையை விட்டு அதை எடுக்க வேண்டிவரக்கூடும். எந்த வழியில் போனாலும் இரண்டாவதுக்கு என் இலக்கணத்தில் உறுதியான இடம் கிடையாது. இத்தனை நாளாக நான் ஒரு குழந்தைக்காக மட்டும் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சமமான இரண்டு எண்களுக்கு நடுவில் நின்று ஒன்றை நான் விட்டுவிட்டிருந்தேன்.

மறுநாள் ஆபரேஷன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு ஆபரேஷன் நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். ஜோஸியரின் வியாழக்கிழமைக்கும் சம்மதிப்பார் என்று தெரிந்தது. பலருக்குச் செய்து பழக்கம்போல. வேண்டாம், உங்களுக்கு வசதியான செவ்வாய்க்கிழமை போதும் என்றேன். வீட்டில் அத்தை "செவ்வாய்க்கிழமையா?" என்று கேட்டுவிட்டு வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஜோஸியரை நான் மறுத்ததில் பகுத்தறிவு அதிகமில்லை. தேர்ந்தது முழுக்க என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான்.

செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது பனிக்குடம் உடைந்தது. ஆட்டோவில் ஏறுவதற்குள் வலி ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. வாசலில் இறங்கும்போது அத்தை கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம்.

டாக்டர் வீட்டிலிருந்து வந்து பரிசோதித்தார். எனக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவர் என் முகத்துக்கு அருகில் குனிந்து சொன்னார்: "இப்ப தானாவே ஆரம்பிச்சிடுச்சு. பாதிக்கு மேல திறந்திருக்கு. முதல் குழந்தை நல்லா இறங்கியிருக்கு. நீங்க விருப்பப்பட்டா இப்படியே பெத்துடலாம். இல்ல, பேசினபடி ஆபரேஷன்னா உடனே போகணும். ரெண்டுமே இன்னமும் சரிதான்."

படித்துத் தாண்டிப் போன அந்த ஒன்பது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். என் கேள்வி திரும்பி வந்திருந்தது. முதல் தடவை யோசிக்க இரண்டு வாரம் கொடுத்தது. இப்போது ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் இருக்கும் நேரம். நான் ஆசைப்பட்ட எழுவாய், நான் ஒன்றும் செய்யாமலேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கீழே அழுத்தம் தெரிந்தது. உடம்பு ஏற்கெனவே அந்த வினையைத் தொடங்கிவிட்டிருந்தது.

"ரெண்டாவது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"குறுக்கேதான்."

"எடுத்துருங்க டாக்டர்" என்றேன்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் ஒரு காகிதத்தை என் கணவரிடம் நீட்டி, "வீட்டுக்காரர் கையெழுத்து போடுங்க சார்" என்றார். அவர் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். "அவங்கதான் போடணும்." நர்ஸுக்கு அவசரம், கொஞ்சம் எரிச்சல். சுயநினைவோடு இருக்கிற வயதுவந்த பெண்ணின் உடம்புக்கு அவளுடைய சம்மதமே சம்மதம், கூட வந்தவர்களுடையது அதற்கு ஈடாகாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வழக்கம் தீர்ப்பைப் படிப்பதில்லை. படுத்தபடி, அட்டையை வயிற்றின்மேல் வைத்து, கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். 'நீ என்ன சொல்றியோ அதுதான்' என்று அவர் சொன்னதன் முழு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நள்ளிரவில் நான் அவருக்குச் செய்த அநியாயத்துக்கு இதை ஒரு பதிலாக எழுதி வைக்கிறேன்.

பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் என் தலை, அந்தப் பக்கம் நான். வலி இல்லை, உள்ளே பாத்திரம் துலக்குவது மாதிரி ஒரு அசைவு. "ஒன்னு" என்று ஒரு குரல். அழுகை. பிறகு ஒரு மௌனம். அதன் நீளத்தை என்னால் இன்றும் சொல்ல முடியாது. "காலைப் பிடிச்சுட்டேன்" என்று டாக்டர் யாரிடமோ மெதுவாகச் சொன்னார். பிறகு "ரெண்டு." பிறப்புச் சான்றிதழ்களில் 5.21 என்றும் 5.22 என்றும் இருக்கிறது. நவாம்சம் மாறியிருக்காது. ஆனால் ராகுகாலம்.

இரண்டாவது கடைசிவரை குறுக்கே கிடந்ததால் என் முடிவு சரியென்று ஆகிவிடாது. மற்ற வழியில் போயிருந்தால் அதே டாக்டர் அதே காலைப் பிடித்து இழுத்திருப்பார், எல்லாம் நல்லபடி நடந்திருக்கும் என்பதற்கே சாத்தியம் அதிகம். தேர்ந்த பிறகு தேராததைப் பார்க்க வழியில்லை. முடிவு சரியா தப்பா என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். யாருக்காக அந்த முடிவை எடுத்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "நார்மலா, ஆபரேஷனா?" என்று கேட்டார்கள். ஆபரேஷன் என்றதும் "அதனாலென்ன, பிள்ளைங்க நல்லா இருந்தா சரி" என்றார்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் ஆபரேஷன். இந்தியா முழுவதுக்கும் 21.5. தமிழ்நாட்டின் 44.9இல் எத்தனை பேரிடம் அது கேள்வியாகக் கேட்கப்பட்டது, எத்தனை பேருக்கு உத்தரவாகச் சொல்லப்பட்டது என்பது கணக்கில் இல்லை. என்னிடம் இரண்டு தடவை கேட்டார்கள். ஆடி வெள்ளிக்கிழமை அந்தப் படிகளில் இறங்கியபோது வந்த கோபத்துக்காக டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தையல் பிரிக்கப் போனபோது கேட்கவில்லை. அவருக்கு வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

'எடுத்தாங்க' என்ற சொல்லைப் பற்றி இப்போது அவ்வளவு வருத்தமில்லை. எடுத்தவர்கள் தாங்களாக எடுக்கவில்லை. எடுங்கள் என்று நான் சொன்னேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன். இலக்கணத்தில் அதற்கும் ஒரு இடம் இருக்கத்தான் வேண்டும். கமலவதிக்கு இருக்கிறதே.

பதினாறாம் நாள் பெரியம்மா மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அறுபத்தாறு வயது, முழங்கால் வலி, கையில் ஒரு பையில் பூண்டும் கருப்பட்டியும். வந்ததும் முகம் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டும் ஒரே துணியில் பக்கத்துப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நானே காலில் கட்டிய நூலை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். பெரியம்மா நார்மலா ஆபரேஷனா என்று கேட்கவில்லை.

"எது ரெண்டாவது?" என்றாள்.

காட்டினேன். உட்கார்ந்து, மடியில் வாங்கிக்கொண்டு, சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கி, அதன் வலது கையை வெளியே எடுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். காபி ஆறிப்போகும் வரை பெரியம்மா அந்தக் கையை விடவில்லை.